ரிப்பேர்க் கூலியும் வரிக் கணக்கும்

வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர், குழாய் பழுது பார்த்தவருக்குக் கொடுத்த கூலியைச் சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டுமா? அமெரிக்காவில் இக்கேள்வி பெரும் விவாதத்தை எழுப்பிற்று.

கூலி பெறுவோர் சிலர் வருமானத்தை மறைப்பதுண்டு. கொடுப்பவரே தெரிவித்துவிட்டால் மறைக்க இடமில்லை. ஆகவே தொழில் நடத்துவோருக்கு இக்கடமை முன்பே இருந்தது. 2010 செப்டம்பரில் நிறைவேறிய சிறு தொழில் சட்டம் அதை வாடகை பெறும் சாதாரண வீட்டுக்காரருக்கும் விரித்தது. 2011 முதல், ஓராண்டில் ஒரு தச்சருக்கோ வர்ணம் பூசுபவருக்கோ 600 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தால், அவர் பெயர், விலாசம், வரி எண், தொகை யாவும் எழுதி அனுப்ப வேண்டும்; தவறினால் அபராதம்.

நோக்கம் நன்றே. ஆனால் பாரம் யார் தலையில்? நூறு வீடு உடையவரிடம் குமாஸ்தா உண்டு. ஒற்றை வீட்டு வாடகையில் காலந்தள்ளும் முதியவருக்கு யார் உளர்? எதிர்ப்பு வலுத்தது. 2011 ஏப்ரல் 14-இல் அவ்விதி ரத்தாயிற்று. வாடகை விடுவதையே தொழிலாக நடத்துவோர்க்குக் கடமை நீடிக்கிறது. வரம்பு மட்டும், 2026-இல் கொடுக்கும் தொகைகள் முதல், 2,000 டாலராயிற்று.

விதி நீங்கினும் ரசீதின் அவசியம் நீங்கவில்லை. ரிப்பேர்ச் செலவை வாடகை வருமானத்தில் கழிப்பதற்கு அதுவே சாட்சி. கணக்கு அனைவருக்கும் வேண்டும்; அதன் சுமையோ அவரவர் சக்திக்கு ஏற்றதாக வேண்டும். சங்கப் பேரேட்டுடன் பழகிய நாம் இதை எளிதில் உணர்வோம்.