மாஞ்சா இல்லாமலே மயக்கும் பட்டம்! - பொங்கல் வானத்தை நிறைக்கும் வல்வெட்டித்துறை

பொங்கல் என்றதும் நமக்குக் கரும்பு, ஜல்லிக்கட்டு, புதுப்பட ரிலீஸ் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்தின் வடகரையில் இருக்கும் வல்வெட்டித்துறைக்காரர்களைக் கேட்டால் முதலில் பட்டம் என்றுதான் சொல்வார்கள். தைப்பொங்கல் அன்று காலையில் பொங்கிப் படைத்துவிட்டு, பிற்பகலில் ஊரே உதயசூரியன் கடற்கரைக்குக் கிளம்பிவிடுகிறது. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். வெளிநாட்டில் குடியேறிய உறவினர்களும் இந்த நாளைக் கணக்கு வைத்து ஊருக்கு வருவதுண்டு.

அங்கே ஏறுவது நாம் பார்த்துப் பழகிய நாலுமூலைக் காத்தாடி கிடையாது. விமானம், கப்பல், ஹெலிகாப்டர், யானை, மயில் என்று விதவிதமான உருவங்கள். பல பட்டங்கள் தட்டையான தாளாக இல்லாமல் நீளம், அகலம், உயரம் மூன்றும் கொண்டவை. சிலவற்றில் இறக்கை அசையும், சக்கரம் சுழலும். ஓர் ஆள் தூக்க முடியாத அளவு பெரிய பட்டங்களை நாலைந்து பேர் சேர்ந்து சுமந்து வருகிறார்கள். கூட்டம் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது.

இத்தனை பட்டங்கள் ஏறும் இந்தப் போட்டியில், ஒரு பட்டம் இன்னொன்றின் நூலை அறுத்தால் புள்ளி கிடையாது. அழகாகக் கட்டு, ஒழுங்காக ஏற்று, அவ்வளவுதான் போட்டி.

கட்டுவதில்தான் கெட்டிக்காரத்தனம்

யாழ்ப்பாணத்துப் பட்டங்களுக்கு ஒரு தனிக் குடும்பமே உண்டு. கொக்குப் பட்டம், பிராந்துப் பட்டம் (பருந்தை அங்கே பிராந்து என்பார்கள்), வௌவால் பட்டம், பாம்புப் பட்டம், எட்டுமூலைப் பட்டம், பெட்டிப் பட்டம் என்று நீளும் அந்தப் பட்டியல்.

மூங்கிலைச் சீவி, இரண்டு பக்கமும் ஒரே எடை வருகிறதா என்று விரலில் நிறுத்திப் பார்ப்பதில் வேலை தொடங்குகிறது. ஒரு பக்கம் கொஞ்சம் கனத்தாலும் பட்டம் அந்தப் பக்கமாகச் சாய்ந்து குத்திவிடும். பிறகு சட்டம் கட்டி, மெல்லிய டிஷ்யூ தாள் ஒட்டி, வால் கட்டுவார்கள். கடைசியில்தான் மிக முக்கியமான வேலை. பட்டத்தின் உடம்பில் சில இடங்களிலிருந்து நூல் கட்டி, அவற்றை ஒரே முடிச்சில் சேர்ப்பார்கள். அதற்கு யாழ்ப்பாணத்தில் 'முச்சை' என்று பெயர். சென்னைக் காத்தாடிக்காரர்கள் இதையே 'சூத்திரம்' என்பார்கள். பட்டம் காற்றை எந்தக் கோணத்தில் சந்திக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இந்த முடிச்சுதான். ஒரு விரல்கடை மேலே கீழே போனாலும் ஆட்டம் மாறிவிடும்.

பொங்கலுக்கு வாரக்கணக்கில் முன்பே வீட்டு முற்றங்களில் வேலை ஆரம்பித்துவிடும். பெரிய உருவங்களில் வேலை செய்வது பெரும்பாலும் நண்பர்கள் குழு. தாத்தா மூங்கில் சீவ, அப்பா முச்சை கட்ட, பிள்ளைகள் தாள் ஒட்டும் வீடுகளும் உண்டு. எந்த உருவம் கட்டுகிறோம் என்பதைப் போட்டி நாள் வரை பொத்திப் பொத்தி வைப்பது தனி சுவாரஸ்யம்.

இரவெல்லாம் 'கூவும்' பட்டம்

பார்க்க மட்டுமல்ல, கேட்கவும் ஏற்றதுதான் யாழ்ப்பாணத்துப் பட்டம். அதற்குக் காரணம் 'விண்'. வில் போல வளைத்த ஒரு குச்சியில் அகலமான நாடா ஒன்றை இழுத்துக் கட்டி, பட்டத்தின் மேல்பக்கம் பொருத்துவார்கள். பட்டம் ஏறியதும் காற்று அந்த நாடாவை வேகமாக அதிர வைக்கும். 'ங்ங்ங்' என்று வண்டு ரீங்கரிப்பதுபோல ஒரு நாதம் கேட்கும். 'விண் கூவுது' என்பது அந்த ஊர் வழக்கு. நாடாவின் அகலத்தையும் இறுக்கத்தையும் மாற்றினால் சுருதி மாறும். யாருடைய விண் நன்றாகக் கூவுகிறது என்பதில் தெருவுக்குத் தெரு ரோஷம் உண்டு.

நல்ல காற்று வாய்த்தால், நூலை மரத்தில் கட்டிவிட்டு இரவு முழுவதும் பட்டத்தை வானத்திலேயே விட்டுவைப்பார்கள். படுக்கையில் கிடந்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்கலாம். சத்தம் தொடர்ந்தால் பட்டம் பறக்கிறது, நின்றால் விழுந்துவிட்டது என்று அர்த்தம்!

இந்தக் கொண்டாட்டம் தையில் அமைவதற்குக் காரணம் காற்று. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகும் அதே திசையிலிருந்து காற்று சீராக வீசிக்கொண்டிருக்கும். வல்வெட்டித்துறை வடக்கே கடலைப் பார்த்த ஊர். கடல்மேல் வரும் காற்றுக்குக் கட்டடமோ மரமோ குறுக்கே நிற்பதில்லை. பட்டத்துக்கு வேகமான காற்றைவிட, விட்டுவிட்டு வீசாத காற்றுதான் முக்கியம்.

கப்பல் கட்டிய ஊர்

ஒரு சின்ன ஊருக்கு இந்தப் பட்டக் கலை இவ்வளவு நன்றாகக் கைவந்ததில் பெரிய ஆச்சரியம் இல்லை. வல்வெட்டித்துறை தலைமுறை தலைமுறையாகப் பாய்க்கப்பல் கட்டியவர்களின் ஊர். இங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, கடல் கடந்து 1938-ல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சேர்ந்தது. மரம், கயிறு, பாய், காற்று நான்கையும் கணக்குப் போடத் தெரிந்த ஊருக்கு மூங்கில், நூல், தாள், காற்று மட்டும் கைவராமலா போகும்?

இந்த ஊரின் வானத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. 1987-ல் வடமராட்சிப் பகுதி முழுவதும் ராணுவ நடவடிக்கைக்கு உள்ளானது. அதன் பிறகும் போர் 2009 வரை நீண்டது. ஹெலிகாப்டர், குண்டுவீச்சு விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடிய பிள்ளைகள், இன்று அதே ஊரில் தாத்தா பாட்டிகளாகவும் பெற்றோராகவும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்போது ஹெலிகாப்டரை மூங்கிலிலும் தாளிலும் கட்டி, தாங்களே மேலே ஏற்றிக் கைதட்டுகிறார்கள். வானத்தைப் பயமில்லாமல் அண்ணாந்து பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தக் கடற்கரைக் கூட்டத்துக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆளைத் தூக்கிய பட்டம்

பெரிய பட்டத்தின் இழுவிசையைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பகுதியில் சிலர் சேர்ந்து ஒரு ராட்சதப் பட்டத்தை ஏற்றினார்கள். மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட, விடாமல் பிடித்திருந்த இளைஞரைப் பட்டம் 30 அடிக்கும் மேல் தூக்கிக்கொண்டு போனது. அதிர்ஷ்டவசமாக அவர் உயிர் தப்பினார். அந்த வீடியோ உலகம் முழுக்க வைரலானது.

பட்டத்தின் இந்தச் சக்தியை அறிவியலும் பயன்படுத்தியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் லாரன்ஸ் ஹார்கிரேவ் 1894-ல் நான்கு பெட்டிப் பட்டங்களைக் கோத்து, தன்னையே 16 அடி உயரத்துக்குத் தூக்கிக்கொண்டார். ரைட் சகோதரர்கள் விமானத்துக்கு முன், 1899-ல், இறக்கையை முறுக்கித் திருப்பும் யோசனையைப் பட்டத்தில்தான் சோதித்தார்கள். 1901-ல் அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த வானொலி சிக்னலைப் பிடிக்க, மார்க்கோனி தன் ஆன்டெனா கம்பியைத் தூக்கி நிறுத்தியதும் ஒரு பட்டத்தால்தான்.

அகமதாபாத் மொட்டை மாடிகள்

நம் நாட்டில் பட்டம் என்றால் குஜராத்தின் உத்தராயண் பண்டிகைதான் பிரபலம். ஜனவரி 14, 15 இரண்டு நாளும் அகமதாபாத்தில் எல்லோரும் மொட்டை மாடியில்தான் இருப்பார்கள். சுடச்சுட உந்தியு, ஜிலேபி, எள்ளு சிக்கி, ஸ்பீக்கரில் பாட்டு... எதிரியின் நூல் அறுந்ததும் 'காய்ப்போ சே!' என்று தெருவே அதிரும். 1989 முதல் அங்கே சர்வதேசப் பட்டத் திருவிழாவும் நடக்கிறது. பழைய அகமதாபாத்தின் குறுகிய தெருக்களில் மாடியை அந்த இரண்டு நாளுக்கு மட்டும் வாடகைக்கு விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால், அறுப்பதுதான் ஆட்டம் என்றால் நூல் கூர்மையாக வேண்டும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பட்டம் கீழே இறங்கிய பிறகும் அறுந்த நூல் மரத்திலும் கம்பியிலும் தொங்கிக்கொண்டிருக்கும். பறவைகளின் இறக்கையையும், பைக்கில் போகிறவர்களின் கழுத்தையும் அது அறுக்கிறது. உத்தராயணையொட்டி அடிபடும் பறவைகளைக் காப்பாற்றுவதற்கென்றே குஜராத் அரசு 2017 முதல் 'கருணா அபியான்' என்ற பெயரில் தனி இயக்கம் நடத்துகிறது.

சென்னையில் என்ன ஆச்சு?

வடசென்னைக்கும் காத்தாடிக்கும் உள்ள பந்தத்தைத் தனியாகச் சொல்ல வேண்டாம். கோடை விடுமுறை வந்தால் 'டீல்' விடாத மாடியே இருக்காது. கண்ணாடித் தூள், பசை, சாயம் சேர்த்து மாஞ்சா போடுவதில் ஒவ்வோர் ஏரியாவுக்கும் ஒரு ரகசியச் செய்முறை இருந்தது.

அந்த மாஞ்சாதான் அப்பாவின் பைக்கில் முன்னால் உட்கார்ந்து போன குழந்தைகளின் உயிரைக்கூடப் பறித்தது. நைலான் மாஞ்சா வந்த பிறகு ஆபத்து இன்னும் கூடியது. பருத்தி நூல் இழுத்தால் அறும், வெயில் மழையில் மக்கும். நைலான் இரண்டுமே செய்யாது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017-ல் நைலான், செயற்கை இழை மாஞ்சாவுக்கு நாடு முழுவதும் தடை விதித்தது. தமிழ்நாடு அரசு 2023-ல் ஒரு படி மேலே போய், கண்ணாடித் தூள் பூசிய நூலையும் தடைக்குள் கொண்டுவந்தது.

இதனால் 'காத்தாடியே விடக் கூடாது' என்று பல பெற்றோர் நினைத்துவிட்டார்கள். தடை கூர்மையான நூலுக்குத்தான். எதுவும் பூசாத வெறும் பருத்தி நூலில் பட்டம் விட அந்த அரசாணையே இடம் கொடுக்கிறது. 2022 ஆகஸ்ட்டில் மாமல்லபுரத்தில் தமிழ்நாடு சுற்றுலாத் துறை முதன்முறையாக சர்வதேசப் பட்டத் திருவிழாவை நடத்தியபோது, அங்கேயும் யாரும் யாருடைய நூலையும் அறுக்கவில்லை. ராட்சத பொம்மைப் பட்டங்களை அண்ணாந்து பார்த்த குழந்தைகளின் சந்தோஷத்துக்கு அதனால் எந்தக் குறையும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்க ஒரு பட்டம்

* 60 செ.மீ நீளத்தில் ஒரு மூங்கில் குச்சி (நெடுக்கு), 50 செ.மீ நீளத்தில் இன்னொன்று (குறுக்கு). சின்னப் பட்டத்துக்குத் துடைப்பத்தின் தென்னை ஈர்க்கே போதும்.

* நெடுக்குக் குச்சியின் உச்சியிலிருந்து 15 செ.மீ கீழே குறுக்குக் குச்சியை வைத்து இறுக்கிக் கட்டுங்கள். நான்கு முனைகளையும் சுற்றி ஒரு நூலை ஓட்டினால் சட்டம் தயார்.

* டிஷ்யூ தாளைச் சட்டத்தைவிட இரண்டு விரல்கடை பெரிதாக வெட்டி, ஓரத்தை நூலின்மேல் மடித்து ஒட்டுங்கள். மைதா பசையோ சோற்றுப் பருக்கையோ போதும்.

* குச்சிகள் சந்திக்கும் இடத்தில் ஒரு முனை, நெடுக்குக் குச்சியின் அடியில் மறுமுனை என்று தளர்வாக ஒரு நூல் கட்டுங்கள். அதுதான் முச்சை. பறக்க விடும் நூலை அதில், மேல்முனைக்குச் சற்று அருகில் முடியுங்கள். காற்று பலமாக இருந்தால் முடிச்சை இன்னும் கொஞ்சம் மேலே, குறைவாக இருந்தால் கீழே நகர்த்துங்கள்.

* பட்டத்தைப்போல ஐந்து, ஆறு மடங்கு நீளத்துக்குத் துணி வால் கட்டுங்கள். பட்டம் சுற்றிச் சுற்றி வந்தால் வாலை இன்னும் நீட்டுங்கள்.

ஏற்றும்போது...

* ஓட வேண்டாம். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். இன்னொருவர் 20 மீட்டர் தள்ளிப் பட்டத்தைத் தூக்கிப் பிடித்து விடட்டும். இலைகள் தொடர்ந்து அசைகிற காற்று இருந்தால் தானாக ஏறும்.

* கடற்கரை, மைதானம், அறுவடை முடிந்த வயல்தான் சரியான இடம். கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடி, சாலையோரம், மின்கம்பி, விமான நிலையம் இருக்கும் பகுதிகள் வேண்டவே வேண்டாம்.

* பருத்தி நூல் மட்டுமே பயன்படுத்துங்கள். நூல் ஈரமாக இருக்கக் கூடாது. இடி, மின்னல் வந்தால் உடனே இறக்கிவிடுங்கள்.

* பறவைகள் கூட்டமாகப் பறக்கும் அதிகாலையையும் அந்திப் பொழுதையும் தவிர்த்துவிடுங்கள்.

* மின்கம்பியில் பட்டம் சிக்கினால் அதை மறந்துவிடுங்கள். இன்னொன்று செய்துகொள்ளலாம்.

* கிளம்புவதற்கு முன் அறுந்து கிடக்கும் நூல் துண்டுகளைப் பொறுக்கிக் குப்பையில் போடச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

* முதல் முயற்சியில் பட்டம் குத்தி விழத்தான் செய்யும். வாலை நீட்டி, முச்சையை நகர்த்தி, இரண்டாவது முறை விடுங்கள். பெரும்பாலான பட்டங்கள் மூன்றாவது முறையில் ஏறிவிடும்.