மாட்டு வைத்தியச் செலவைக் குறைப்பது எப்படி?

சிறு விவசாயிக்குக் கறவை மாடுதான் மாதச் சம்பளம். நெல்லுக்கும் வாழைக்கும் பணம் வர மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். பால் பணமோ வாரா வாரம் வந்துவிடும். ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள படவேடு, அதைச் சுற்றியுள்ள சிற்றூர்கள், பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஆரணி ஆகிய பகுதிகளில் பல குடும்பங்கள் ஒன்றிரண்டு மாடுகளையும் நாலைந்து ஆடுகளையும் நம்பியே மளிகைக் கடனை அடைக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டில் மாடு நோயில் விழுந்தால் வரவு நின்றுபோகிறது. அதே நாளில் செலவும் தொடங்குகிறது. மருந்துக்குக் கடன் வாங்கி, கடனை அடைக்க மாட்டையே விற்ற குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு.

வைத்தியச் செலவு முழுவதையும் தவிர்த்துவிட முடியாது. ஆனால் அதில் பெரும் பகுதி நோயினால் வருவதல்ல, தாமதத்தினால் வருவது. எந்தச் செலவு தவிர்க்கக் கூடியது என்று தெரிந்துகொண்டால் மாட்டையும் காப்பாற்றலாம், கையில் உள்ள காசையும் காப்பாற்றலாம்.

செலவுக் கணக்கு

டாக்டருக்கும் மருந்துக் கடைக்கும் கொடுப்பதை மட்டுமே பலர் வைத்தியச் செலவாக நினைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத செலவு அதைவிடப் பெரிது. நாளொன்றுக்கு 8 லிட்டர் கறக்கும் மாட்டிற்கு மடி நோய் வந்து, 10 நாட்கள் பாலை ஊற்ற முடியாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டர் ரூ.35 என்று கணக்கிட்டாலும் இழப்பு ரூ.2,800. இந்தப் பத்து நாளும் தீவனச் செலவு குறைவதில்லை. காம்பு ஒன்று அடைபட்டுப் போனால் அந்த ஈற்றில் மட்டுமல்ல, அடுத்த ஈற்றிலும் பால் குறையும். மாட்டின் விலையும் இறங்கிவிடும்.

சினைப் பருவம் தவறுவதும் ஒரு வைத்தியச் செலவே. ஒரு பருவம் தவறினால் அடுத்த பருவத்திற்கு ஏறக்குறைய 21 நாட்கள் காத்திருக்க வேண்டும். தினமும் தீவனத்திற்கு ரூ.150 ஆகும் என்றால், ஒரு பருவத்தைத் தவறவிடுவது ரூ.3,150 நஷ்டம். காலையில் பருவ அறிகுறி கண்ட மாட்டிற்கு அன்று மாலையிலும், மாலையில் கண்ட மாட்டிற்கு மறுநாள் காலையிலும் சினை ஊசி போடுவது நல்லது. இந்த நேரத்தைக் கடைப்பிடிப்பதற்குக் காசு எதுவும் தேவையில்லை.

இலவசத் தடுப்பூசி

வடஆற்காட்டுப் பெரியவர்களுக்கு வெக்கை நோய் என்றால் இன்னும் நினைவிருக்கும். ஒரு காலத்தில் தொழுவம் தொழுவமாக மாடுகளைக் கொண்டுபோன நோய் அது. இந்தியாவில் அந்நோய் கடைசியாக 1995-இல் காணப்பட்டது. 2006-இல் இந்தியா வெக்கை நோய் அற்ற நாடு என்று அறிவிக்கப்பட்டது. 2011-இல் உலகிலிருந்தே அது ஒழிந்ததாக அறிவித்தார்கள். இதைச் சாதித்தது விலையுயர்ந்த மருந்து அல்ல. ஊர் ஊராகப் போட்ட தடுப்பூசியும் கண்காணிப்புமே.

இன்று அதே வழியில் கோமாரி நோய்க்குத் தடுப்பூசி போடப்படுகிறது. மத்திய அரசின் தேசிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டம் 2019 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. இதன்படி கோமாரிக்கும், கருச்சிதைவு நோய்க்கும் விவசாயியிடம் பணம் பெறாமல் தடுப்பூசி போடுகிறார்கள். விவசாயிகள் கவனிக்க வேண்டியவை:

1. கோமாரி: கன்றுக்கு 4-ஆம் மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஊக்க ஊசி, பிறகு 6 மாதத்திற்கு ஒரு முறை.

2. கருச்சிதைவு நோய்: 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறை. இந்த வயதைத் தாண்டிவிட்டால் வாய்ப்புப் போய்விடும். காளைக் கன்றுகளுக்கு இது கிடையாது.

3. தொண்டை அடைப்பான், சப்பை நோய்: இந்நோய்கள் கண்ட பகுதிகளில் ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்காலம் தொடங்குவதற்கு முன்.

4. ஆட்டுக்கொல்லி நோய்: 4 மாதத்திற்கு மேற்பட்ட ஆடுகளுக்கு 3 ஆண்டுக்கு ஒரு முறை. துள்ளுமாரி நோய்க்கு ஆண்டுதோறும் மழைக்கு முன்.

ஊசி போட்டால் பால் குறைந்துவிடும் என்று மாட்டை மறைத்து வைப்பவர்கள் உண்டு. இரண்டொரு நாள் சிறிது குறைவது உண்மைதான். ஆனால் கோமாரி வந்த கலப்பின மாடு பழைய கறவைக்குத் திரும்பாமலே போய்விடுவதும் உண்டு. எது லாபம் என்று கணக்குப் பார்க்க வேண்டும். நிறைசினை மாடாக இருந்தால் ஊசி போட வருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சந்தையில் வாங்கிய ஆடு மாடுகளை மற்றவற்றோடு உடனே சேர்க்கக் கூடாது. இரண்டு மூன்று வாரம் தனியே கட்டிக் கவனித்த பிறகே சேர்க்க வேண்டும். ஊருக்குள் நோய் வருவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான்.

குடற்புழுவும் உண்ணியும்

கன்றுக்குப் பிறந்த 10 முதல் 15 நாட்களுக்குள் முதல் முறையாகக் குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும். பிறகு 6 மாதம் வரை மாதம் ஒரு முறை கொடுக்கலாம். வளர்ந்த மாடுகளுக்கு மழைக்கு முன்னும் பின்னுமாக ஆண்டுக்கு இரு முறை போதும். சாணத்தைச் சிறு டப்பாவில் எடுத்துச் சென்று மருந்தகத்தில் சோதித்துக்கொண்டால், எந்தப் புழு என்று தெரிந்து அதற்கேற்ற மருந்தை வாங்கலாம். கண்ட மருந்தையும் வாங்கி ஊற்றுவது வீண் செலவு.

கலப்பின மாடுகளுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்துவிட்டால் அதற்கான ஊசி மருந்து விலை அதிகம். உண்ணியை மாட்டின் மேல் மட்டும் தேடினால் போதாது. சுவர் வெடிப்பிலும் மரத்தூண் இடுக்கிலும் அது முட்டையிட்டுப் பெருகும். வெடிப்புகளைப் பூசி அடைத்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, தொழுவத்துக் குப்பையை அகற்றினால் காய்ச்சல் வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

சோறு போடுவதில் எச்சரிக்கை

நெல் விளையும் பகுதி என்பதால் மீந்த சோறும் கஞ்சியும் மாட்டிற்குப் போவது வழக்கம். கல்யாண வீட்டிலும், ஆடி மாதத் திருவிழாக் காலத்திலும், பொங்கலன்றும் மீந்ததை எல்லாம் தொட்டியில் கொட்டிவிடுகிறார்கள். அரிசிச் சோறு அளவுக்கு மீறி வயிற்றில் சேர்ந்தால் அங்கே புளித்து அமிலமாகிறது. மாடு அசை போடுவதை நிறுத்தி, கழிந்து, சோர்ந்து படுத்துவிடும். உடனே சிகிச்சை செய்யாவிட்டால் இறந்தும் போகலாம். பாசத்தோடு போட்ட சோறே இப்படிப் பெரிய செலவில் முடிகிறது. மாட்டிற்கு வேண்டியது வைக்கோலும் பசுந்தீவனமும், கறவைக்குத் தக்க பிண்ணாக்கும் தவிடும், தினமும் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவையும்தான்.

மடி நோய்

கறவை மாட்டிற்கு வரும் நோய்களில் அதிகச் செலவு வைப்பது மடி நோய். கறப்பதற்கு முன் காம்பிலிருந்து முதல் இரண்டு பீச்சல் பாலைக் கறுப்புத் துணியிலோ கிண்ணத்திலோ பிடித்துப் பார்க்க வேண்டும். திரி திரியாக இருந்தாலும், நீர்த்திருந்தாலும் நோய் தொடங்கிவிட்டது என்று அறியலாம். கறந்து முடித்ததும் காம்புத் துளை மூடிக்கொள்ள ஏறக்குறைய அரை மணி நேரமாகும். அதுவரை மாடு ஈரத் தரையில் படுக்காதபடி முன்னால் தீவனம் போட்டு நிற்கச் செய்ய வேண்டும். இதற்குத் தனிச் செலவே இல்லை.

ஆரம்ப நிலையில் கைக்கெட்டும் மூலிகை மருந்தும் உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த டாக்டர் ந. புண்ணியமூர்த்தி பரப்பிய முறை இது. சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றைச் சேர்த்து அரைக்க வேண்டும். பாலை முழுவதும் கறந்து, மடியைக் கழுவிவிட்டு, ஒரு கைப்பிடி விழுதை நீர்விட்டுக் கரைத்து மடி முழுவதும் பூச வேண்டும். நாளொன்றுக்குப் பத்து முறை, 5 நாட்கள் பூசலாம். தினமும் புதிதாக அரைப்பது அவசியம். மாட்டிற்குக் காய்ச்சல் இருந்தாலோ, மடி கல்லாக இறுகினாலோ, பாலில் இரத்தம் கண்டாலோ இதை மட்டும் நம்பியிராமல் டாக்டரை அழைத்துவிட வேண்டும்.

உடனே அழைக்க வேண்டிய நேரம்

காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடக் கூடாத நோய்கள் சில உண்டு.

கன்று ஈன்ற மூன்று நாட்களுக்குள் மாடு எழ முடியாமல் படுத்து, கழுத்தை விலாப்பக்கம் திருப்பி, காது சில்லிட்டுக் கிடந்தால் அது பால் காய்ச்சல். பெயர் காய்ச்சல் என்றாலும் உடம்பு சுடாது. இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைவதே காரணம். உரிய நேரத்தில் இரத்தக் குழாயில் கால்சியம் ஏற்றினால் சிறிது நேரத்தில் எழுந்து நிற்கும். ஒரு நாள் தாமதித்தால் சதை நசிந்து, பிறகு எவ்வளவு செலவு செய்தாலும் எழாமல் போகலாம். இந்த நிலையில் வாய் வழியாக எதையும் புகட்டக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

இடது விலா மேளம் போல் உப்பி மூச்சுத் திணறினால் வயிறு உப்புசம். முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்த வேண்டும். விழுங்கும் நிலையில் இருந்தால் கடலை எண்ணெய் கால் லிட்டர் மெதுவாகப் புகட்டி, அதற்குள் டாக்டருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரமாகியும் கன்று வெளிவராவிட்டால், ஆட்களைக் கூட்டி இழுக்காமல் டாக்டரை அழைப்பதே நலம்.

அவசர உதவிக்கு 1962 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கிறது. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி எந்த நாளில் எந்தக் கிராமத்திற்கு வரும் என்பதை அருகிலுள்ள மருந்தகத்தில் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

மருந்து வாங்கும்போது

வைத்தியக் கட்டணம் உயர்வது நம் ஊரில் மட்டுமல்ல. பிரிட்டனில் நாய், பூனை வளர்ப்போர் குறை கூறியதன் பேரில், வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு 2023-இல் ஆய்வைத் தொடங்கியது. 2016 முதல் 2023 வரை கால்நடை வைத்தியக் கட்டணம் 63 சதவீதம் உயர்ந்ததாக அது கண்டது. விலைப் பட்டியலை முன்கூட்டியே வெளியிட வேண்டும் என்பது அந்த அமைப்பு சொன்ன யோசனைகளில் ஒன்று. சிறு விவசாயிக்கும் இது பொருந்தும். தனியாரிடம் வைத்தியம் பார்ப்பதானால் மொத்தம் எவ்வளவு ஆகும், எத்தனை நாள் ஊசி, பிழைக்க வாய்ப்பு எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

ஒரே மருந்து பல பெயர்களில் பல விலைகளில் வருகிறது. குறைந்த விலையில் அதே மருந்து கிடைக்குமா என்று டாக்டரிடம் கேட்கலாம். மலிவு விலையில் கால்நடை மருந்துகள் கிடைக்கச் செய்ய ‘பசு ஔஷதி’ என்ற பிரிவுக்கு மத்திய அமைச்சரவை 2025 மார்ச்சில் ரூ.75 கோடி ஒதுக்கி ஒப்புதல் அளித்தது. அந்த மருந்துகள் பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்பதையும் மருந்தகத்தில் விசாரிக்கலாம்.

படிப்பும் பதிவும் இல்லாதவர் சைக்கிளில் வந்து போடும் ஊசி மலிவாகத் தோன்றும். நோய் எது என்று தெரியாமல் போட்ட ஊசிக்குப் பிறகு டாக்டரிடம் போனால் செலவு இரட்டிப்பாகும். ஐந்து நாள் போட வேண்டிய ஊசியை இரண்டு நாளில் நிறுத்துவதும் தவறு. நோய் திரும்பி வரும், அப்போது அதே மருந்து கேட்காது. ஊசி போட்ட மாட்டின் பாலை டாக்டர் சொன்ன நாட்கள் வரை விற்கக் கூடாது.

இன்சூரன்ஸ்

எவ்வளவு கவனித்தாலும் சில மாடுகள் இறந்துவிடுகின்றன. தேசிய கால்நடை இயக்கத்தின் கீழ் இன்சூரன்ஸ் பிரிமியத்தில் விவசாயியின் பங்கு 15 சதவீதம் என்று 2024 பிப்ரவரியில் குறைக்கப்பட்டது. ரூ.50,000 மதிப்புள்ள மாட்டிற்குப் பிரிமியம் ரூ.2,000 என்று வைத்துக்கொண்டால், விவசாயி கட்ட வேண்டியது ரூ.300 மட்டுமே. காதில் அடையாள வில்லை இருக்க வேண்டும். மாடு இறந்தால் புதைப்பதற்கு முன்பே தகவல் தந்து டாக்டரின் சான்று பெற வேண்டும். வில்லை தொலைந்துவிட்டால் உடனே புதிது போட்டுக்கொள்ளாவிட்டால் பணம் கிடைக்காது.

காவல் நாயையும் மறக்கக் கூடாது. வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுக்கு ஒன்று. செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தை ஒட்டிப் பல இடங்களில் இதை இலவசமாகப் போடுகிறார்கள். வெறிநாய் கடித்த மாட்டிற்கு நோய் கண்டுவிட்டால் பிறகு வைத்தியமே இல்லை.

நோட்டுப் புத்தகம்

ஒவ்வொரு மாட்டிற்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். ஊசி போட்ட தேதி, பருவத்திற்கு வந்த தேதி, சினை ஊசி, ஈன்ற நாள், வந்த நோய், கொடுத்த மருந்து, ஆன செலவு ஆகியவற்றைக் குறித்து வரலாம். டாக்டர் வந்ததும் நோட்டைக் காட்டினால் நோயைக் கண்டுபிடிப்பது எளிது. பால் பணத்தில் நாளுக்குப் பத்து ரூபாய் தனியே சேர்த்தால் ஆண்டில் ரூ.3,650 ஆகிறது. அந்தப் பணம் கையில் இருந்தால் காசில்லை என்று டாக்டரை அழைக்கத் தயங்க வேண்டியதில்லை. தயங்காமல் அழைத்த மாடுதான் பெரும்பாலும் பிழைக்கிறது.