தாயின் தைராய்டு

சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் உள்ள கர்ப்பிணிகளுக்கு ஒரு தகவல்.

கருவிலுள்ள பிள்ளையின் தைராய்டு சுரப்பி வேலை செய்யத் தொடங்கவே ஏறக்குறைய 12 வாரமாகும். அதுவரை பிள்ளையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு சுரப்பிதான் துணை. அதனால், ஏற்கெனவே தைராய்டு குறைவுக்கு லெவோதைராக்சின் மாத்திரை சாப்பிடுபவர்கள் நாள் தள்ளிப்போனதுமே கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம். பயந்து நிறுத்திவிடவே கூடாது. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்குங்கள். தேநீர் அரை மணி நேரம் கழித்துத்தான். இரத்தம் ஊறக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சேர்த்து விழுங்கினால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

பிரசவத்திற்குப் பிறகு ஓராண்டுக்குள்ளும் தைராய்டு கெடலாம். முதலில் படபடப்பு வரலாம். சில மாதம் கழித்து அசதி, முடி கொட்டுதல், மனச்சோர்வு. பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம். அது தவறு. பிறந்த பிள்ளைக்கு அரசாங்க மருத்துவமனைகளில் தொப்புள்கொடி இரத்தத்திலேயே தைராய்டு சோதித்துவிடுகிறார்கள். தாயின் அசதியோ, தாய் வாய்திறந்து சொன்னால்தான் தெரியும். பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போகும்போது தாதியிடம் உங்களைப் பற்றியும் சொல்லுங்கள், அம்மா.