இல்லக் களஞ்சியத்துக்கு ஏற்ற ரவுட்டர்

ஒரு குடும்பத்தின் நிழற்படங்களும், மூத்தோரின் குரற்பதிவுகளும், காணி உறுதி முதலிய ஆவணங்களின் படிகளும் இக்காலத்திற் கணினிகளிலும் கைத்தொலைபேசிகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒரு வன்தட்டிற் றொகுத்து, வீட்டிலுள்ளார் யாவரும் எடுத்தாளும்படி வைக்க விரும்புவோர்க்கு, அத்தட்டினை ரவுட்டரின் யூ. எஸ். பி. வாயிலிற் பொருத்துதல் செலவு குறைந்த வழியாகும். ஆயின் எல்லா ரவுட்டர்களும் இப்பணிக்கு உரியன அல்ல. பெட்டியின்மேற் பெரிதாக அச்சிட்ட வேக எண்ணை மட்டும் நோக்கி வாங்குவோர் ஏமாற்றமடைதல் உறுதி.

அவ்வெண்தான் யாது? ஏசி 1200 என்பது, 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்குரிய 300 மெகாபிற்றையும் 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்குரிய 867 மெகாபிற்றையும் கூட்டி, மேலும் சிறிது உயர்த்திச் சொல்லிய தொகையாகும். இவ்வகை ரவுட்டரோடு இணையும் கருவி ஒரு வேளையில் ஓர் அலைவரிசையையே பற்றுமாதலின், இத்தொகை எந்தக் கருவிக்கும் கிட்டுவதன்று. அன்றியும், எட்டுப் பிற்றுகள் கூடியே ஒரு பைற் ஆகும். கோப்பின் அளவைப் பைற்றிலும் வேகத்தைப் பிற்றிலும் கூறும் வழக்கம் வணிகர்க்கு நல்ல வாய்ப்பாயிற்று.

ஆதலின் முதலில் நோக்கற்பாலன வாயில்களே. 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த யூ. எஸ். பி. 2.0 நடைமுறையிற் செக்கனுக்கு 30 முதல் 40 மெகாபைற் வரையே கடத்தும். 2008 இல் வந்த 3.0 இதனினும் பன்மடங்கு விரைவுடையது. ஈதர்நெற் வாயிலையும் மறத்தலாகாது. விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றில் அது 100 மெகாபிற் அளவினதே. அதன்வழிச் செக்கனுக்கு 11 மெகாபைற் அளவே செல்லும். 500 கிகாபைற் களஞ்சியமொன்றை அவ்வழியே நிரப்ப ஏறத்தாழப் பன்னிரண்டரை மணி நேரம் வேண்டும். கிகாபிற் வாயிலும் யூ. எஸ். பி. 3.0 உம் அமைந்து, ரவுட்டரின் செயலியும் ஈடுகொடுக்குமாயின், அதே பணி ஒன்றரை மணியளவில் முடிந்துவிடும். 3.0 வாயில் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்குவதுண்டு. தட்டினைச் சற்றே விலக்கி வைத்து, கருவிகளை 5 கிகாஹேர்ட்ஸில் இணைப்பின் அக்குறை பெரிதும் நீங்கும்.

தட்டின் கோப்பு முறைமை ரவுட்டர் அறிந்ததாயிருத்தல் வேண்டும். பழைய எப். ஏ. ரி. 32 முறைமை 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட தனிக்கோப்பை ஏற்காது.

நம் நாட்டில் 2022 ஆம் ஆண்டிலே மின்வெட்டு ஒருநாளிற் பதின்மூன்று மணி நேரம்வரை நீண்டது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் தட்டிலுள்ள கோப்புகள் சிதையக்கூடும். ஆகவே சிறியதொரு மின்கல மாற்றீட்டை ரவுட்டருக்கும் தட்டுக்கும் அமைத்தல் நன்று. எனினும் ரவுட்டரிற் பூட்டிய ஒற்றைத்தட்டைக் காப்புப்படி என எண்ணுதல் தவறு. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது வேறு படியில்லாச் சுவடிகளும் உடன் அழிந்தமையை நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. இரண்டாம் படி வேறொரு வீட்டில் இருத்தல் வேண்டும்.

நிற்க. வேகத்தினும் முதன்மை வாய்ந்தது காவல். கோப்புகளைப் பகிர்தற்கு எஸ். எம். பி. என்னும் நெறிமுறை பயன்படுகின்றது. அதன் முதலாம் பதிப்பிலிருந்த குறையைப் பற்றியே 2017 மே மாதத்தில் வன்னகிறை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவிற்று. அவ்வாண்டின் இறுதிமுதல் விண்டோஸின் புதிய பதிப்புகள் அதனைக் கைவிடத் தொடங்கின. அப்பதிப்பையன்றி வேறறியா ரவுட்டரை விலைகொடுத்து வாங்குதல் வீண். இரண்டாம் அல்லது மூன்றாம் பதிப்பு உண்டோவென்று வாங்குமுன் கேட்டறிக.

இன்னொன்று, வெளியூரிலிருந்தும் தட்டினைத் திறக்கலாம் என்னும் வசதி. 2014 பெப்ரவரியில் ஏசுஸ் நிறுவனத்து ரவுட்டர்களின் குறைகளைப் பயன்படுத்தி, 12,900 க்கு மேற்பட்ட சேமிப்புத் தட்டுகளிற் பிறர் நுழைந்தனர். அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2016 இல் அந்நிறுவனத்தின்மேல் நடவடிக்கை எடுத்தபோது, எல்லா ரவுட்டர்களுக்கும் ஒரே தொடக்கக் கடவுச்சொல் இடப்பட்டிருந்தமையும் வெளிப்பட்டது. ஆகவே அவ்வசதியை அடைத்துவிடுக. கடவுச்சொல்லை முதல்நாளே மாற்றுக. உற்பத்தியாளர் இற்றைப்படுத்தல் வழங்குவதை நிறுத்திவிட்ட பழைய ரவுட்டர் எத்துணை மலிவாகக் கிடைப்பினும், அதனிடத்துக் குடும்ப ஆவணத்தட்டைப் பொருத்தற்க.