வலிக்காத கருப்புப் புண்! உயிருக்கு உலை வைக்கும் உண்ணிக் காய்ச்சல்

பூம்புகார்,

வரப்போரப் புதரில் புல் அறுக்கப் போகிறவர்களே, உஷார்!

கண்ணுக்கே தெரியாத உண்ணிக் குஞ்சு கடித்தால் கடித்ததே தெரியாது. 10 நாள் வாக்கில் காய்ச்சல் அனலாய்க் கொதிக்கும். மண்டை பிளக்கும். 'டைபாய்டு' என்று நாளைக் கடத்தினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும்.

அடையாளம் உண்டு. சிகரெட்டால் சுட்டது போல் கருப்புப் பொருக்கு. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் இருக்கும். வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளியும் சொல்வதில்லை. பெண்கள் கூச்சப்பட்டு மறைத்துவிடுவார்கள். சிலருக்குப் புண்ணே வராது. ரத்தப் பரிசோதனைதான் வழி.

விடாத அம்மா

அமெரிக்காவில் லைம் என்று ஓர் ஊர். பாலி மர்ரே என்ற அம்மாளின் குடும்பத்துக்கே மூட்டு வீக்கம். 'எல்லாம் மனப்பிரமை' என்றனர் டாக்டர்கள். அந்த அம்மா விடவில்லை. 1975-ல் சுகாதாரத் துறைக்கே போன் போட்டார். ஆராய்ச்சியாளர்கள் வந்தார்கள். அங்கேயும் குற்றவாளி உண்ணிதான்! 1982-ல் கிருமியும் சிக்கியது. அது வேறு கிருமி.

வேலூர் ஆராய்ச்சி

நம்மூர்க் காய்ச்சலை வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் ஆராய்ந்து 2023-ல் முடிவு வெளியிட்டனர். நோய் முற்றிய 794 பேர். டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பில் ஏற்றியபோது மரணமோ, சிக்கலோ, விடாத காய்ச்சலோ கண்டவர்கள் நூற்றுக்கு 33. ஒரே மருந்து என்றால் 47, 48!

மருந்துக்கடையில் நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். "டாக்டர், உண்ணிக் காய்ச்சலான்னு பாருங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். புண்ணையும் காட்டுங்கள்.