கலுங்கில் கொக்கு, அணையடியில் கடல்சிங்கம்

கலுங்கு தாண்டித் தண்ணீர் விழத் தொடங்கினால், கீழே கொக்கு வந்து நின்றுவிடும். சமயநல்லூர், சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் கண்மாய்க்கரையில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. புதுத்தண்ணீர் வாடை பட்டதும் கெண்டை எதிரேறும். ஏறி வந்தது கலுங்குச் சுவரில் முட்டும், மேலே போக வழியில்லாமல் அடியிலேயே குவியும். கொக்கும் நாரையும் காத்திருக்கும். ஊத்தாவோடும் கூடையோடும் பையன்களும் காத்திருப்பார்கள். ஓடை நெடுக அலைந்து பொறுக்க வேண்டிய இரை, ஒரே இடத்தில் வந்து சேர்ந்துவிடுகிறது.

இந்தக் கலுங்கைப் பல நூறு மடங்கு பெருக்கினால் அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் இருக்கும் பான்வில் அணை. 1938-இல் திறக்கப்பட்டது, கடலிலிருந்து சுமார் 235 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அங்கே முட்டுவது சால்மன். ஆற்றின் மேற்பகுதியில் பொரித்து, குஞ்சாகக் கடலுக்குப் போய், சில ஆண்டுகள் மேய்ந்து பெருத்து, முட்டையிடப் பிறந்த ஓடைக்கே திரும்புகிற மீன். அணையைக் கடக்க அதற்கு மீன்படி கட்டியிருக்கிறார்கள். ஆனால் படியின் வாசல் குறுகியது. அதைத் தேடி மீன்கள் அணையடியில் சுற்றும்போது, கடல்சிங்கங்கள் வந்து சேர்கின்றன.

2000-க்குப் பிறகுதான் இவை அணைவரை வாடிக்கையாக ஏறிவரத் தொடங்கின. கலிபோர்னியக் கடல்சிங்கத்தின் ஆண் முந்நூறு கிலோவைத் தாண்டும். ஸ்டெல்லர் இனத்து ஆண் ஒரு டன்னை நெருங்கும். ஒரு காலத்தில் தோலுக்கும் எண்ணெய்க்கும் வேட்டையாடப்பட்டு, மீனவர்களால் சுடப்பட்டு, எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருந்த விலங்குகள் இவை. 1972-இல் அமெரிக்கா கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதே ஆண்டுதான். அமெரிக்கச் சட்டம் வேலை செய்தது. கலிபோர்னிய இனம் மட்டும் இரண்டரை லட்சத்தைத் தாண்டியது. இன்னொரு பக்கம், ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் ஏறியதாகக் கணிக்கப்படும் கொலம்பியா சால்மன், சில லட்சங்களுக்கும் இருபது லட்சத்துக்கும் இடையே ஊசலாடும் நிலைக்கு வந்தது. அதிலும் பெரும்பங்கு பொரிப்பகத்தில் வளர்த்து விட்டவை. ஒரு சட்டம் காப்பாற்றிய விலங்கு, இன்னொரு சட்டம் காப்பாற்ற முயலும் மீனைத் தின்கிறது.

விரட்டிப் பார்த்தார்கள். சியாட்டில் நகரத்தின் பாலார்ட் நீர்ப்பூட்டில் 1980-களில் ‘ஹெர்ஷல்’ என்று ஊரே பேர் வைத்துவிட்ட கடல்சிங்கங்கள், சால்மனின் நெருங்கிய உறவான ஸ்டீல்ஹெட்டை வாசலிலேயே மடக்கின. தண்ணீருக்குள் வெடி போட்டார்கள், ரப்பர் அம்பு எய்தார்கள். பிடித்து லாரியில் ஏற்றிக் கலிபோர்னியாவில் விட்டார்கள். சில வாரங்களில் நீந்தித் திரும்பின. 1996-இல் கண்ணாடியிழையில் திமிங்கில பொம்மை செய்து மிதக்கவிட்டதும் நடந்தது. எதற்கும் அவை அசரவில்லை. கடைசியில் சிலவற்றைப் பிடித்து ஃபுளோரிடாவில் ஒரு கடற்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். அதற்குள் அந்த ஸ்டீல்ஹெட் கூட்டம் நூறுக்கும் கீழே போய்விட்டது, பிறகு தலைதூக்கவே இல்லை.

ஆகவே கொல்வது என்ற முடிவுக்கு வந்தார்கள். தொடக்கத்தில் விதி கடுமையாக இருந்தது: இன்ன விலங்கு என்று அடையாளம் கண்டு, அது சால்மன் தின்றதைப் பதிவுசெய்து, விரட்டியும் போகவில்லை என்று காட்டினால்தான் அனுமதி. ஒவ்வொரு விலங்குக்கும் தனி வழக்கு நடத்துவது போல. 2018-இல் வந்த திருத்தம் அதை மாற்றியது. கொலம்பியா ஆற்றின் குறிப்பிட்ட பகுதிக்குள் வந்தாலே போதும் என்றானது. 2020-இல் ஐந்தாண்டுக்குள் 540 கலிபோர்னியக் கடல்சிங்கங்கள், 176 ஸ்டெல்லர்கள் வரை அகற்ற அனுமதி தரப்பட்டது. சுடுவதில்லை. மிதக்கும் கூண்டில் பிடித்து, மயக்கி, ஊசி போட்டு முடிக்கிறார்கள். மாநில அரசுகளோடு பழங்குடி அமைப்புகளும் இதில் சேர்ந்தே நிற்கின்றன. நெஸ் பெர்ஸ், யாக்கமா, உமட்டிலா, வார்ம் ஸ்பிரிங்ஸ் மக்கள் 1855 ஒப்பந்தங்களில் நிலத்தை விட்டுக்கொடுத்தபோது, மீன்பிடி உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. மீனே இல்லையென்றால் அந்த உரிமை வெறும் காகிதம். தூரத்தில் இருந்துகொண்டு அவர்களுக்கு ஜீவகாருண்யம் போதிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பலன் கிடைத்ததா? ஓரிடத்தில் நன்றாகவே கிடைத்தது. கொலம்பியாவின் கிளை ஆறான வில்லாமெட்டின் அருவியில் 2017-இல் ஏறிய குளிர்கால ஸ்டீல்ஹெட் 512 மட்டுமே. வந்த மீன்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றைக் கடல்சிங்கங்கள் தின்றதாக ஆரிகன் மாநில மீன்வளத்துறை கணக்கிட்டது. 2018 கடைசியில் தொடங்கி முப்பத்துச் சொச்சம் விலங்குகளை அகற்றியதும், அந்த மீன்கூட்டம் அற்றுப்போகும் அபாயம் தெளிவாகக் குறைந்தது. காரணம் எளிது. அருவிக்கு வழி தெரிந்த விலங்குகள் சில டஜன்தான். அவை போனதும் வழியும் மறந்துபோனது.

பான்வில்லில் அப்படி இல்லை. வேட்டை இடத்தைக் கடல்சிங்கங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொள்கின்றன. அந்தப் பழக்கம் தொற்றுநோய் மாதிரியே பரவியது என்று 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முதலில் வந்த சிலவற்றை உடனே அகற்றியிருந்தால் கொல்ல வேண்டிய தொகை மிகக் குறைவாக இருந்திருக்கும் என்பதும் அதில் உண்டு. கூட்டம் பெருகிய பின் ஒன்றை எடுத்தால் இன்னொன்று வருகிறது. அதோடு, தின்பது எல்லாம் அணையடியில் மட்டும் நடப்பதில்லை. முகத்துவாரத்திலிருந்து அணைவரை உள்ள நெடுந்தூரத்தில் வசந்தகாலச் சினூக் சால்மனில் சில ஆண்டுகள் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் காணாமல்போகிறது.

பறவையிடம் கைவைத்தது இன்னும் மோசமாக முடிந்தது. கொலம்பியா முகத்துவாரத்தில் ஈஸ்ட் சாண்ட் தீவில் கூடு கட்டிய நீர்க்காகங்கள் சால்மன் குஞ்சுகளைத் தின்கின்றன என்று, 2015 முதல் ராணுவப் பொறியாளர் படை ஏற்பாட்டில் ஆயிரக்கணக்கில் சுட்டார்கள், முட்டைமேல் எண்ணெய் பூசினார்கள். மிரண்ட கூட்டம் தீவைக் காலிசெய்து, ஆற்றில் இன்னும் உள்ளே தள்ளியிருக்கும் அஸ்டோரியா பாலத்தில் போய்க் கூடு கட்டியது. தீவில் இருந்தபோது கடல்மீனும் கலந்து தின்ற பறவை, பாலத்தில் தலைக்கு முன்னைவிட அதிகமாகச் சால்மன் குஞ்சு தின்கிறது.

நீர்க்காகம் என்றதும் நம் கண்மாய்க் குத்தகைக்காரர்கள் காதைத் தீட்டியிருப்பார்கள். மீன்பாசி ஏலம் எடுத்து, கடன் வாங்கிக் கட்லாவும் ரோகுவும் விட்டவர்களுக்கு நீர்க்காகக் கூட்டம் இறங்குவதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். வெடி போடுகிறார்கள், நூல் கட்டுகிறார்கள். கொல்ல நம் சட்டம் இடம் தராது. தந்தாலும் பெரிதாக ஒன்றும் நடந்துவிடாது என்றே நினைக்கிறேன். சிறு நீர்க்காகத்தின் வாய்க்கு அடங்குவது விரல் நீள மீன். மலிவாகக் கிடைக்கிறது என்று பொடிக்குஞ்சை, தூர்வாராமல் மேடேறிய கண்மாயின் முழங்கால் தண்ணீரில் கொட்டினால், ஒளிய ஆழமில்லை, ஓட இடமில்லை. குஞ்சை வலைக்குள் வைத்து நாலைந்து அங்குலத்துக்கு மேல் வளர்த்து, பிறகு விட்டால் இழப்பு குறையும். பறவை தின்பதில் ஜிலேபியும் களைமீனும் உண்டு. அவை கட்லாவின் தீனிக்குப் போட்டி. பறவை எச்சத்தால் தண்ணீர் உரமேறுவதும் கணக்கில் வரவேண்டும். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள், பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அந்தக் கண்மாயில்தான் பறவை மண்டிக் கிடக்கிறது.

தின்னி இல்லாமலே மீன் போன கதை நம்மிடமே உண்டு. வங்காளத்தில் இலிஷ் என்று கொண்டாடப்படும் உள்ளம் மீன், சால்மனைப் போலவே கடலில் வளர்ந்து ஆற்றில் முட்டையிடுவது. காவிரியிலும் கொள்ளிடத்திலும் அது ஏறிக்கொண்டிருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கட்டுகள் எழுந்தன. மதராஸ் படையில் மருத்துவராக இருந்து மீன் ஆய்வாளரான பிரான்சிஸ் டே, 1873-இல் வெளியான தன் அறிக்கையில் இத்தகைய தடுப்புகள் மீனை என்ன செய்கின்றன என்று எழுதி, வழிவிடச் சொன்னார். மீன் ஏறும் வழிகளும் முயன்று பார்க்கப்பட்டன, தேறவில்லை. 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் காவிரியில் உள்ளம் மீன்பிடி அடங்கிப்போனது. கங்கையில் 1975-இல் ஃபராக்கா தடுப்பணை வந்ததும் அதே மீன் அலகாபாத் பக்கம் அருகிப்போனது. இங்கெல்லாம் பழிபோட ஒரு கடல்சிங்கம்கூட இல்லை.

தடையையே எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் இப்போது சாட்சி இருக்கிறது. கலிபோர்னியா–ஆரிகன் எல்லையில் கிளமாத் ஆற்றில் நான்கு அணைகளை உடைத்து அகற்றும் வேலை 2024 இலையுதிர்காலத்தில் முடிந்தது. சில வாரங்களுக்குள் சினூக் சால்மன், 1912-க்குப் பிறகு அது எட்டிப்பார்க்காத ஆரிகன் ஓடைகளில் முட்டையிட வந்துவிட்டது. அந்த ஆற்றின் முகத்துவாரத்திலும் கடல்சிங்கங்கள் வேட்டையாடத்தான் செய்கின்றன.

கொலம்பியாவில் அது அவ்வளவு எளிதல்ல. அதன் பெரிய கிளையான ஸ்னேக் ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் நான்கு அணைகள் மின்சாரம் தருகின்றன. உள்நாட்டுக் கோதுமை படகில் துறைமுகம் போவதும் அவற்றின் வழியாகத்தான். பழங்குடிகளோடும் மாநிலங்களோடும் 2023 டிசம்பரில் மத்திய அரசு செய்துகொண்ட ஓர் உடன்பாடு, அந்த அணைகள் தரும் மின்சாரத்துக்கு மாற்று தேடலாம் என்ற அளவுக்கு வந்திருந்தது. 2025 ஜூனில் புதிய அதிபர் அதிலிருந்து விலகிக்கொண்டார். அணைக்குத் தொகுதி உண்டு, வாக்கு உண்டு, மின்கட்டண ரசீது உண்டு. கடல்சிங்கத்துக்கு எதுவும் கிடையாது.