தொழிலாளிக்கு நேர்ந்த விபத்தும் முதலாளியின் கடமையும்

மாணவ நண்பர்களே, நீங்கள் படித்து முடித்து வெளியே வந்தபின் உங்களிற் பலர் ஏதேனும் ஒரு தொழிற்கூடத்திலோ அலுவலகத்திலோ பணியாற்றப் போகிறீர்கள். சிலர் பிறருக்கு வேலை கொடுக்கும் நிலைக்கும் உயர்வீர்கள். வேலை செய்யும் இடத்தில் ஒருவருக்குக் கையோ காலோ ஊனமுற்றால், அவருக்கு உரிய நஷ்ட ஈடு அவர் கையில் சேரும்படி முதலாளி செய்ய வேண்டியவை யாவை? இதுவே இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள். நீண்ட காலம் தொழிற்கூடங்களிலே கணக்கெழுதிப் பிழைத்தவன் நான். நானே செய்த ஒரு தவற்றிலிருந்து இந்தப் பாடத்தைக் கற்றேன். அதையும் இடையிலே சொல்லுகிறேன்.

நஷ்ட ஈடு என்னும் எண்ணம் மிகப் பழையதன்று. இங்கிலாந்தில் ஓர் இறைச்சிக் கடையில் வேலை செய்த இளைஞன் ஒருவன், முதலாளியின் பணியாக வண்டியில் சென்றபோது, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய அந்த வண்டி முறிந்து தொடை எலும்பு ஒடிந்தான். அவன் வழக்குத் தொடுத்தான். நடுவர்கள் நூறு பவுன் கொடுக்கச் சொன்னார்கள். ஆனால் 1837-இல் மேல் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது. வேலையில் உள்ள அபாயம் வேலைக்காரனுக்குத் தெரியும். விருப்பமில்லையேல் அவன் மறுத்திருக்கலாம் என்பது அந்நீதிமன்றத்தின் வாதம். பசித்தவன் வேலையை மறுப்பது எவ்வாறு என்று அன்று யாரும் கேட்கவில்லை.

இந்த நிலை மாற அரை நூற்றாண்டு ஆயிற்று. ஜெர்மனி 1884-இல் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் இயற்றியது. இங்கிலாந்து 1897-இல் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவில் அத்தகைய சட்டம் 1923-இல் இயற்றப்பட்டு 1924 ஜூலை முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்தது. இவற்றின் உட்கருத்து ஒன்றே. விபத்துக்கு யார் குற்றவாளி என்று தேடுவது முதல் வேலை அன்று. வேலையின் பொருட்டும் வேலையின் போதும் நேர்ந்த காயமா என்பதே முதற் கேள்வி. ஆம் என்றால், இயந்திரம் தேய்ந்தால் அதைப் பழுதுபார்ப்பது எவ்வாறு தொழிலின் செலவோ, அவ்வாறே மனிதனுக்கு நேர்ந்த ஊனத்தை ஈடு செய்வதும் தொழிலின் செலவு. அந்த 1923-ஆம் ஆண்டுச் சட்டம், 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டது. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. சட்டத்தின் பெயர் மாறிற்று. ஆணையர் என்ற பெயருக்குப் பதிலாகத் தகுதியுடைய அதிகாரி என்ற பெயர் வந்தது. அடிப்படைக் கருத்து மாறவில்லை.

இனி, விபத்து நேர்ந்த நாளிலிருந்து தொடங்குவோம்.

முதலாவது கடமை மருத்துவம். அதைப் பற்றி நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. எந்த முதலாளியும் குருதி வழியும் ஒருவனைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். மருத்துவச் செலவு வேறு, நஷ்ட ஈடு வேறு. மருத்துவமனைக் கட்டணத்தைக் கட்டிவிட்டேன், ஆகையால் என் கடமை தீர்ந்தது என்று எந்த முதலாளியும் சொல்ல இயலாது.

இரண்டாவது கடமை எழுதுதல். விபத்து நேர்ந்த நாள், நேரம், இடம், செய்துகொண்டிருந்த வேலை, இயந்திரத்தின் பெயர், காயத்தின் தன்மை, அருகில் இருந்து பார்த்தவர்களின் பெயர், இவையனைத்தையும் அன்றைக்கே விபத்துப் புத்தகத்தில் பதிய வேண்டும். இது அற்பக் காரியம் போலத் தோன்றும். பின்னால் எழும் ஒவ்வொரு கேள்விக்கும் விடை இந்தச் சில வரிகளிலேதான் இருக்கிறது.

என் தவறு இங்கேதான் நேர்ந்தது. அப்போது நான் எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு சிறு பட்டறையில் கணக்கு எழுதிவந்தேன். இருபது வயது நிரம்பாத ஒரு பையன் புதிதாகச் சேர்ந்திருந்தான். இரண்டு வாரம் ஆகியிருக்கும். தகடு வெட்டும் பிரஸ் இயந்திரத்தில் அவனுடைய இடக்கைக் கட்டைவிரல் போய்விட்டது. முதலாளி கொடியவர் அல்லர். தம் காரிலேயே அவனைத் தூக்கிச் சென்று மருத்துவமனையில் சேர்த்தார். கட்டணம் முழுவதும் தாமே கட்டினார். தாயாரின் கையில் ஐந்நூறு ரூபாயும் கொடுத்தார். மாலையில் நான் புத்தகத்தை எடுத்தபோது, “இப்போது ஒன்றும் எழுத வேண்டா தம்பி, பையன் எழுந்து வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்” என்றார். நான் புத்தகத்தை மூடி வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதினோம். அவர்கள் கேட்ட கேள்விகள் நியாயமானவை. இத்தனை நாள் ஏன் அறிவிக்கவில்லை? விபத்து எந்த நேரத்தில் நேர்ந்தது? இந்தப் பெயருள்ளவர் உங்கள் தொழிலாளி என்பதற்கு ஆதாரம் எங்கே? வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் இல்லை. புதியவன் ஆதலால் மாதம் பிறந்ததும் சேர்க்கலாம் என்று நான்தான் விட்டிருந்தேன். கூலியும் வவுச்சர் இன்றிக் கையோடு கொடுக்கப்பட்டிருந்தது. காகிதத்தின் கணக்குப்படி அந்தப் பையன் எங்கள் பட்டறைக்குள் காலடி வைத்ததே இல்லை!

இன்ஷூரன்ஸ் பணம் வரும்வரை தாம் கொடுக்க முடியாது என்று முதலாளி இருந்துவிட்டார். ஒருநாள் தாயார் வந்து என் மேசை முன் நின்றார். “கணக்குப்பிள்ளை ஐயா, என் மகன் அன்றைக்கு வேலைக்கு வந்தானா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்” என்றார். வந்தான் அம்மா என்றேன். “அப்படியானால் ஏன் எழுதவில்லை?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடையில்லை. முடிவில் தொழிலாளர் துறை அதிகாரியின் முன் வழக்கு நடந்தது. உடன் வேலை செய்த இருவர் துணிந்து சாட்சி சொன்னார்கள், நானும் சொன்னேன். பணம் வட்டியோடு கிடைத்தது. ஆனால் அதற்குள் ஓராண்டுக்கு மேல் கடந்துவிட்டது. அந்த ஓராண்டில் அவர்கள் வீட்டில் அடகுக்குப் போகாத பாத்திரம் இல்லை.

இனி மூன்றாவது கடமை, எந்த வழியில் செல்வது என்று தெளிதல். இங்கே இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டம். 1948-இல் இயற்றிய சட்டத்தின்படி 1952 பிப்ரவரி 24-ஆம் நாள் கான்பூரில் நேரு தொடங்கிவைத்தார். தமிழகத்தில் 1955 ஜனவரியில் கோயம்புத்தூரில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. முதலாளியும் தொழிலாளியும் மாதந்தோறும் சந்தா செலுத்துகின்றனர். 2019 ஜூலையில் அது கூலியில் முறையே நூற்றுக்கு மூன்றே காலும் முக்காலும் என்று வகுக்கப்பட்டது. இத்திட்டத்தில் சேர்ந்த தொழிலாளிக்கு விபத்து நேர்ந்தால், முதலாளி தம் கையிலிருந்து நஷ்ட ஈடு கொடுப்பதில்லை, கழகமே கொடுக்கிறது. முதலாளி செய்ய வேண்டியது விபத்து அறிக்கையை உரிய படிவத்தில் கழகத்தின் கிளை அலுவலகத்துக்கும் மருத்துவருக்கும் அனுப்புவது. உயிருக்கோ உறுப்புக்கோ சேதம் என்றால் உடனே அனுப்ப வேண்டும். அறிக்கை தாமதமானால் பணமும் தாமதமாகும்.

மற்றது, இத்திட்டத்தில் சேராதவர்களுக்கு உரியது. என் பட்டறைப் பையன் இந்த வகை. இங்கே நஷ்ட ஈட்டுக்கு முதலாளியே நேரடிப் பொறுப்பாளி. அவர் இன்ஷூரன்ஸ் செய்திருந்தால், உடனே அந்த நிறுவனத்துக்கு அறிவித்துக் கோரிக்கைப் படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். அதனுடன் கூலிப் பதிவேட்டின் நகல், வயதுக்குச் சான்று, மருத்துவச் சான்று, சாட்சிகளின் வாக்குமூலம் ஆகியவை செல்ல வேண்டும். மரணமோ கொடுங்காயமோ நேர்ந்தால் ஏழு நாட்களுக்குள் அதிகாரிக்கு அறிக்கை தரவேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்திருந்தது.

நான்காவது கடமை கணக்கிடுதல். கணக்குப் படிக்கும் மாணவர்களுக்கு இது சுவையாக இருக்கும். முழு ஊனத்துக்கு, மாதக் கூலியில் நூற்றுக்கு அறுபது பங்கை எடுத்து, வயதுக்கு உரிய ஒரு பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். இருபது வயதுக்கு அந்த எண் 224. ஐம்பது வயதுக்கு 153.09. பகுதி ஊனமாயின், எந்த உறுப்புக்கு உழைக்கும் திறனில் எத்தனை சதவீதம் இழப்பு என்று அட்டவணையே சொல்லுகிறது. கட்டைவிரலுக்கு 30 சதவீதம்.

மாதம் 10,000 ரூபாய் கூலி பெறும் இருபது வயது இளைஞன் கட்டைவிரலை இழந்தால் என்ன ஆகும்? கூலியின் அறுபது பங்கு 6,000. அதை 224-ஆல் பெருக்கினால் 13,44,000. அதில் நூற்றுக்கு முப்பது 4,03,200 ரூபாய். அதே கூலியும் அதே காயமும் உடைய ஐம்பது வயதினருக்கு 2,75,562 ரூபாய். விரல் ஒன்றே; ஆனால் இளைஞன் அந்த விரலின்றி இன்னும் பல ஆண்டுகள் உழைத்தாக வேண்டும். அதனாலேயே அவனுக்குத் தொகை மிகுதி. நிலையான ஊனமின்றிச் சில காலம் மட்டும் வேலைக்கு வர இயலாதவருக்கு, மாதக் கூலியில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு அரை மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும். கூலியும் வயதும் சரியாக எழுதப்படாவிட்டால் இந்தக் கணக்கு எதுவும் நடவாது என்பதைக் கவனியுங்கள்.

ஐந்தாவது கடமை, உரிய காலத்தில் கொடுத்தல். ஒரு மாதம் தாண்டினால் நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியும், தகுந்த காரணமில்லையேல் தொகையில் பாதி வரை தண்டமும் சேரும். இவ்வளவு கொடுக்க வேண்டியதில்லை என்று முதலாளி கருதினால், தாம் ஒப்புக்கொள்ளும் அளவையாவது உடனே கொடுத்துவிட்டு மீதிக்கு வழக்காடலாம். தொழிலாளி இறந்துவிட்டால் பணத்தைக் குடும்பத்தார் கையில் நேரே கொடுத்தல் ஆகாது. அதிகாரியிடமே கட்ட வேண்டும். துயரத்தில் இருக்கும் விதவையிடம் சிறு தொகை கொடுத்துக் கைநாட்டு வாங்கிக்கொள்வதைத் தடுக்கவே இந்த விதி.

விபத்து நேர்ந்தபோது தொழிலாளி குடித்திருந்தாலோ, காப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றியிருந்தாலோ முதலாளிக்குப் பொறுப்பு இல்லை. ஆனால் மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்துவிட்டால், அந்தக் காரணமும் செல்லாது. தகப்பன் செய்த பிழைக்காகப் பிள்ளைகள் பட்டினி கிடக்கலாகாது என்று சட்டம் எண்ணியது போலும்.

முடிவாக ஒரு வழக்கைச் சொல்லுகிறேன். 1968-இல் ஒரு சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவர் கீழே விழுந்தார். இடக்கையை வெட்டியெடுக்க வேண்டியதாயிற்று. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய இயலாது; ஆதலால் இது முழு ஊனம் என்றார் ஆணையர். முதலாளி உச்ச நீதிமன்றம் வரை சென்றார். ஆணையர் தீர்ப்பளித்த நாளிலிருந்துதானே எனக்குக் கடன், அதற்கு முன் வட்டியும் தண்டமும் ஏன் என்பது அவர் வாதத்தில் ஒன்று. 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. காயம் பட்ட அந்த நொடியிலேயே முதலாளியின் பொறுப்பு பிறந்துவிடுகிறது என்று தீர்ப்பளித்தது.

இந்தத் தீர்ப்பை நான் முன்பே படித்திருந்தால், அன்று மாலை புத்தகத்தை மூடியிருக்க மாட்டேன். நஷ்ட ஈடு முதலாளியின் இரக்கத்தால் வருவது அன்று; அது கடன். கடன்பட்டவரே கணக்கை எழுதிக் கொண்டுவந்து தீர்க்க வேண்டும். கட்டிலிற் கிடப்பவன் எழுந்து வந்து கேட்கும்வரை காத்திருத்தல் முறையன்று. எங்கள் முதலாளி இரக்கமுள்ளவர்தாம். அந்த இரக்கத்தோடு நான்கு வரி எழுத்தும் அன்றைக்கே சேர்ந்திருந்தால், அந்தத் தாயார் என் மேசை முன் வந்து நின்றிருக்க வேண்டியதில்லை.

நாளை உங்களில் யாரேனும் ஒரு பதிவேட்டின் முன் அமர நேரிடலாம். புதிதாகச் சேர்ந்தவனின் பெயரை முதல் நாளே எழுதுங்கள். விபத்து நேர்ந்தால் அன்றைக்கே எழுதுங்கள். எழுத வேண்டா என்று ஒருவர் சொன்னால், பணிவோடு, எழுதிவிட்டேன் ஐயா என்று சொல்லுங்கள்.